பாயில் ஓர் இடம்: அங்கன்வாடியில் மாற்றுத்திறன் குழந்தைகள்

காலை 11 மணி. அங்கன்வாடியில் பாட்டு நடக்கிறது. 20 பிள்ளைகள் வட்டமாக நின்று கைதட்டுகிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள 4 வயதுப் பையன் சுவரோரம் தலையணையில் சாய்ந்து கிடக்கிறான். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, வருகை போட்டாயிற்று, எடை பார்த்தாயிற்று, மதியம் ஆயா சோறு ஊட்டிவிடுவார். யாருக்கும் அவன்மேல் வெறுப்பில்லை, பாசம்தான். ஆனால் காலையில் வந்ததிலிருந்து அவன் என்ன செய்தான் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இந்த நிலைமைக்குச் சட்டமும் ஒரு காரணம். 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாகச் சாப்பாடு கிடைக்க வேண்டும். ஆக, சோறு உரிமையாகிவிட்டது. படிப்பு அப்படி ஆகவில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில்தான் தொடங்குகிறது. 3 முதல் 6 வயது வரைக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு அதன் 11-ஆவது பிரிவு நின்றுகொள்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரைக்கே உறுதி செய்கிறது. மூளை மிக வேகமாக வளரும் ஆண்டுகள் இரண்டு சட்டங்களிலும் விடுபட்டுப்போகின்றன. அதனால்தான் மேற்பார்வைக்கு வருபவர் எடைப் பதிவேட்டைக் கேட்கிறார், முட்டைக் கணக்கைக் கேட்கிறார். சுவரோரம் கிடக்கும் பிள்ளை இன்று என்ன கற்றான் என்று கேட்பதில்லை.

2023 நவம்பர் 28-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே அங்கன்வாடி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரம் கண்டறிவது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக்கொண்டு பிள்ளையை உள்ளே கொண்டுவருவது, ஆஷா, கிராம சுகாதாரச் செவிலியர், மருத்துவக் குழு வழியாகச் சிகிச்சைக்கு அனுப்புவது என்று மூன்று படிகள். நல்ல ஆவணம். ஆனால் உள்ளடக்கிய கல்வி ஆவணத்தில் நடப்பதில்லை; 15 நிமிடப் பாட்டில், 20 நிமிடச் சாப்பாட்டில் நடக்கிறது. உள்ளே வர வழி, வந்தபின் பங்கு, பங்கெடுக்கத் துணை என்று மூன்றும் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

கண்டறிவதில் தாமதம்

"பையன்னா பேச்சு லேட்டாத்தான் வரும்", "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு." இந்த இரண்டு வாக்கியங்களும் ஆறுதலுக்காகச் சொல்லப்படுபவை. எத்தனையோ பிள்ளைகளின் முக்கியமான ஓராண்டை இவை தின்றிருக்கின்றன. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது: 4 மாதத்தில் தலை நிற்காதது, 9 மாதத்தில் பிடிக்காமல் உட்காராதது, 12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராதது, 18 மாதத்தில் நடக்காதது, 24 மாதத்தில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது. எல்லாவற்றையும்விட அவசரம், ஏற்கெனவே வந்த பேச்சோ பழக்கமோ நின்றுபோவது. எந்த வயதில் நின்றாலும் சரி.

கையில் வைத்துக்கொள்ள எளிய கருவி ஒன்று உண்டு. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய வளர்ச்சிக் கண்டறிதல் அட்டவணை, 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 17 செயல்களை, ஒவ்வொன்றும் வரவேண்டிய மாதங்களைக் காட்டும் கோடுகளாகக் கொண்டது. குழந்தையின் வயது எந்த மாதமோ அந்த இடத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறம் முடிந்துபோன செயல் எதையாவது பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். சில நிமிட வேலை. நோயின் பெயரைச் சொல்லும் கருவி இது இல்லை என்பதைப் பணியாளர் மறந்துவிடக் கூடாது. தாயிடம் "ஆட்டிசமா இருக்கும்னு தோணுது" என்று சொன்னால் மறுநாள் பிள்ளை வராது. "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான், காதை ஒரு தடவை பார்த்துடலாம்மா" என்று கண்ணால் கண்டதை மட்டும் சொன்னால் தாய் கூடவே கிளம்பி வருவார்.

காதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் காது பரிசோதனைதான். பிறவிக் காது குறைபாட்டை 1 மாதத்துக்குள் சோதித்து, 3 மாதத்துக்குள் உறுதி செய்து, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற கணக்கு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் (உட்செவியில் கேட்புக் கருவி பொருத்தும்) அறுவைச் சிகிச்சை கிடைக்கிறது. அதற்கும் 6 வயது வரம்பு இருக்கிறது. "பார்க்கலாம்" என்று விட்டால் அந்த வாசலும் மூடிவிடும்.

2013 முதல் இயங்கும் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தை நலத் திட்டம்) நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். குழு வந்த நாளில் பிள்ளை வரவில்லை என்றால் அடுத்த முறைக்கு 6 மாதம். 2 வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் கால் பங்கு. ஆகவே குழுவுக்காகக் காத்திராமல் வளர்ச்சிக் குறைபாட்டைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு நேரே அனுப்பலாம். போனார்களா, என்ன சொன்னார்கள், அடுத்த தேதி என்ன என்று மூன்றையும் குறித்து வைக்காவிட்டால், அனுப்பியதற்கும் அனுப்பாததற்கும் வித்தியாசம் இருக்காது.

உட்காருவதுதான் முதல் பாடம்

உடலைத் தாங்குவதற்கே முழுச் சக்தியும் போகிற பிள்ளையால் பந்தைப் பார்க்க முடியாது, படத்தைத் தொட முடியாது, நண்பனைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அதனால் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் பாடத்திட்டத்துக்கு முன்னால் இருக்கை வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 டிகிரியில் மடிந்திருக்க வேண்டும். பாதம் முழுவதும் தரையிலோ பலகையிலோ பதிய வேண்டும். தொங்கும் கால் உடலை முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். நாற்காலியின் உயரம் எவ்வளவு என்பதற்கு முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தால் போதும். சுமார் 1 மீட்டர் உயரப் பிள்ளைக்கு 26 செ.மீ. அளவு வரும். உயரமான நாற்காலிதான் கிடைத்தது என்றால் காலுக்கடியில் மரக்கட்டை வைக்கலாம். இடுப்பு வார், வயிற்றைச் சுற்றாமல் தொடைமடிப்பில் சாய்வாக விழ வேண்டும். இரண்டு தொடையும் கத்தரிபோல் பின்னிக்கொண்டால் நடுவில் சுருட்டிய துண்டு. மேசையின் உயரம் முழங்கை மட்டம்.

நாற்காலியே இல்லாத மையத்தில் சுவர் மூலை உதவும். முதுகு மூலையில் படிய, இரண்டு பக்கமும் கெட்டியாகச் சுருட்டிய போர்வை. தோள் லேசாக முன்னால் வரும், கை இரண்டும் நடுவில் சேரும், பொம்மையைப் பிடிக்க முடியும். அரை மணிக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் தசை இறுகும், தோல் சிவக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, பிள்ளையைச் சரியாக உட்காரவைத்துவிட்டு வட்டத்துக்கு வெளியிலேயே விட்டுவிடுவது. மற்றவர்கள் நிற்கிறார்கள், இவன் உட்கார்ந்திருக்கிறான், பார்வை மட்டம் சேரவில்லை. அந்தப் பாட்டை எல்லோரும் உட்கார்ந்தே பாடினால் என்ன? இரண்டு பேர் கைகோத்து வளைவு பிடிக்க மற்றவர்கள் அடியில் குனிந்து போகும் விளையாட்டில், வளைவின் ஒரு பக்கம் இவன் கையாக இருக்கட்டும். ஓட முடியாத பிள்ளைக்கு ஓட்டத்தின் நடுவிலேயே வேலை கிடைத்துவிடும்.

சோறு ஊட்டும் உயரம்

எல்லா மையத்திலும் நடக்கும் காட்சி: ஆயா நின்றுகொண்டு ஊட்டுகிறார். பிள்ளை கரண்டியைப் பார்க்கத் தலையை மேலே தூக்குகிறான். தலை பின்னால் சாய்ந்ததும் தொண்டையில் மூச்சுக்குழலின் வழி திறந்துகொள்கிறது. சோறு உணவுக்குழலுக்குப் போவதற்குப் பதில் அந்த வழியில் சறுக்குகிறது. இருமல் வரும், கண்ணில் நீர் வரும், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரக்கும். மாதம் ஒருமுறை சளிக்காய்ச்சல் என்று சொல்லப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

தீர்வுக்குச் செலவே இல்லை. ஆயா பிள்ளைக்கு எதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். கரண்டி நேர் முன்னாலிருந்து, தாடை உயரத்தில் வர வேண்டும். தலை தானாக லேசாகக் குனியும். குழியில்லாத சிறிய கரண்டி, அரைக் கரண்டி சோறு. பருப்பு சாதத்தை மசித்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் கட்டியாக விழும் பதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறைய பேர் எளிதென்று நினைத்து நீர்க்கக் கரைத்து ஊற்றுகிறார்கள். தண்ணீர்போல் ஓடுவதுதான் விழுங்குவதற்கு மிகக் கடினம். ஒரு வாய் விழுங்கியது தெரிந்தபிறகே அடுத்தது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. மதியத் தூக்கத்துக்காக எல்லாப் பாயும் உடனே விரியும்போது இந்த ஒன்றைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நிற்க முடியாத பிள்ளையின் எடையைத் தாயோடு சேர்த்துப் பார்த்து, தாயின் எடையைக் கழிக்க வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறவில்லை என்றால் "இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்" என்று எழுதி முடிக்காமல், மெல்வதிலும் விழுங்குவதிலும் என்ன சிக்கல் என்று பார்க்க வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மாதப் பாடம்

வளர்ச்சி தெரபி அறையில்தான் நடக்கிறது என்ற எண்ணம் பெற்றோரிடமும் பணியாளரிடமும் ஆழமாக இருக்கிறது. வாரம் ஒருநாள், 45 நிமிடம், போக வர இரண்டு பஸ். தெரபி தேவைதான். ஆனால் சிறு குழந்தை ஒரு திறமையை அது பயன்படும் இடத்தில், அது வேண்டிய நேரத்தில், திரும்பத் திரும்பச் செய்துதான் கற்கிறது. அந்த இடம் அங்கன்வாடி.

மூன்றரை வயது, பேச்சு இல்லை, வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் அழுகிற ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். "பேச்சு முன்னேற வேண்டும்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. "தண்ணீர் வேண்டும்போது டம்ளரைச் சுட்டிக்காட்டுவாள் அல்லது 'தண்ணி' என்பாள், ஒரு நாளில் 5 தடவையில் 4 தடவை" என்று எழுதினால் ஆயாவுக்குக்கூட வேலை புரிந்துவிடும். டம்ளரை அவள் கண்ணில் படும்படி, கைக்கு எட்டாமல் பிடிக்க வேண்டும். பிறகு வாயைத் திறக்காமல் மனதுக்குள் 10 வரை எண்ண வேண்டும். இந்தப் பத்து எண்ணுவதுதான் பெரியவர்களுக்கு மிகக் கஷ்டம், இரண்டு எண்ணுவதற்குள் "என்ன வேணும்? தண்ணியா? சொல்லு, சொல்லு" என்று தொடங்கிவிடுகிறோம். கை நீட்டினாலோ பார்த்தாலோ உடனே "தண்ணி" என்று தெளிவாக ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். எதுவும் செய்யவில்லை என்றால் அவள் விரலைப் பிடித்துச் சுட்டவைத்துக் கொடுக்க வேண்டும். சொல் வரும்வரை தண்ணீரைப் பிடித்து வைப்பது தவறு. தாகத்தோடு விளையாடினால் நம்பிக்கை போய்விடும்.

ஒரு நாளைக்கு 5 முறை, மாதம் 24 நாள்: 120 வாய்ப்பு. எந்தத் தெரபி அறையாலும் இதைத் தர முடியாது. குறிப்பெடுக்க ஒரு தாள் போதும். தானே செய்தால் "தா", சைகையோ சொல்லோ கொடுத்துச் செய்தால் "சொ", கைபிடித்துச் செய்தால் "கை". மூன்று நாள் தொடர்ந்து "தா" அதிகமாக வந்தால் அடுத்த இலக்கு. மூன்று வாரமாக "கை" மட்டுமே வந்தால் பிள்ளையைக் குறை சொல்லாமல் இலக்கைச் சிறிதாக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு இலக்குக்கு மேல் வேண்டாம். இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் மையத்தில் பத்து இலக்கு எழுதினால் பத்தும் தாளிலேயே இருக்கும்.

உதவியைக் குறைக்க மறப்பது இன்னொரு பெரிய ஓட்டை. கைபிடித்துத் தொடங்கியது ஆறு மாதம் கழித்தும் கைபிடித்தே நடக்கும். பிள்ளை கற்றது தண்ணீர் கேட்பதை இல்லை, கை வரும்வரை காத்திருப்பதை. கையிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளில் ஒரு தொடுகைக்கு, பிறகு வெறும் பார்வைக்கு என்று உதவி பின்வாங்கிக்கொண்டே போக வேண்டும்.

காது மெஷின், குக்கர் விசில்

காதொலிக் கருவி போட்ட பிள்ளை காலையில் வந்ததும் இரண்டு நிமிடம் ஒரு சோதனை. பின்னால் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். கேட்கும்போதெல்லாம் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடட்டும். தாழ்ந்த ஒலியிலிருந்து கூர்மையான ஒலி வரை பேச்சின் வீச்சு முழுவதும் இந்த ஆறில் அடங்கிவிடுகிறது. நேற்று "ஸ்" கேட்டது, இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, காதுக்குள் பொருந்தும் அச்சில் அழுக்கு, குழாயில் வியர்வை நீர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கீச்சென்று ஊதினால் பெரும்பாலும் காது அச்சு தளர்ந்துவிட்டது. வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களிலேயே அச்சு சிறிதாகிவிடும். பேட்டரி ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றில் விட்டுப் போட வேண்டும். உரித்தபின் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். தொலைந்துவிடும் என்று பயந்து கருவியை வீட்டு அலமாரியிலேயே வைத்திருக்கும் பெற்றோர் பலர். சட்டையில் ஊக்கோடு ஒரு நூல் கட்டினால் அந்தப் பயம் தீரும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தத்தில் வேறு விதமான சிக்கல். சமையல் பக்கத்திலேயே நடக்கும் மையத்தில் குக்கர் விசில் அவனுக்கு இடி மாதிரி. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளையை "அடங்க மாட்டேங்கறான்" என்று எழுதுவதற்கு முன் கடிகாரத்தையும் அடுப்பையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வருவதற்கு முன்பே பருப்பை வேகவைத்துவிடலாம், அல்லது அந்த நேரத்தில் வெளி விளையாட்டை வைக்கலாம்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் அவனுடைய பெரிய பதற்றம். அந்த மையத்திலேயே போனில் எடுத்த 6 புகைப்படங்கள்: வருகை, பாட்டு, விளையாட்டு, கைகழுவுதல், சாப்பாடு, தூக்கம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே படத்தைத் திருப்பிவைக்க வேண்டும். படத்தைப் பெரியவர் கண் உயரத்தில் ஆணியடித்து மாட்டினால் அது அலங்காரம். தரையிலிருந்து 70 முதல் 90 செ.மீ. உயரத்தில், கை எட்டும்படி இருக்க வேண்டும். இந்த அட்டை வந்தபின் மற்றப் பிள்ளைகளும் அதைப் பார்த்தே கைகழுவக் கிளம்புவார்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை நன்றாக நினைவில் வைப்பார்கள். பாட்டோடு படமும் சைகையும் சேர வேண்டும். பார்வை குறைந்த பிள்ளைக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது, நிறத் தட்டில் தெரியும்.

வலிப்பு வரும் பிள்ளையைச் சேர்க்கத்தான் பணியாளர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். தெரிந்துகொண்டால் பயம் குறையும்: ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது, வாயில் கரண்டியோ துணியோ எதுவும் வைக்கக் கூடாது, கையில் சாவி திணிக்கக் கூடாது, இறுக்கிப் பிடிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் 108.

அம்மா வாசலில், ஆயா பக்கத்தில்

"அம்மா கூடவே இருந்தாத்தான் சேர்த்துக்குவோம்" என்று சொல்லும் மையங்கள் உண்டு. தாயின் கூலி போகிறது. பிள்ளையும் தாயின் மடியிலேயே இருக்கிறான், வகுப்பில் சேரவே இல்லை. முதல் வாரம் தாய் உள்ளே, இரண்டாம் வாரம் வாசலில், மூன்றாம் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் என்று விலகலாம். நான்காம் வாரத்துக்குப் பிறகும் விலக முடியவில்லை என்றால் மையத்துக்கு இன்னொரு கை தேவைப்படுகிறது என்று பொருள். அதை மேலே எழுதிக் கேட்பது பணியாளரின் கடமை, கொடுப்பது அரசின் கடமை. ஒரே பணியாளர் அங்கன்வாடிக் கணக்கை ஏற்றும் போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்றிக்கொண்டே 20 பிள்ளைகளையும் பார்க்கும் நிலையில், ஒருநாள் பயிற்சி வகுப்பில் தந்த கையேட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய் என்பது நியாயமில்லை. சிறப்பாசிரியர் ஒருவர் மாதம் இரண்டு முறை மையத்துக்கே வந்து, அதே பிள்ளையோடு பாயில் உட்கார்ந்து செய்து காட்டினால், அது பத்துப் பயிற்சி வகுப்புக்குச் சமம்.

ஆயா எல்லாவற்றையும் பிள்ளைக்குச் செய்துகொடுக்கிறபோது மற்றப் பிள்ளைகள் அவனைக் கைக்குழந்தையாகவே பார்ப்பார்கள், "பாப்பா" என்றே கூப்பிடுவார்கள். அவனுக்கும் ஒரு வேலை வேண்டும்: தட்டு வாங்கிவைப்பது, வருகைக்கு மணி அடிப்பது, பந்தை உருட்டிவிடுவது. ஒரே பிள்ளையை அவனுக்கு நிரந்தரத் துணையாகப் போடக் கூடாது. வாரம் ஒருவர் மாறட்டும்.

தமிழ்நாட்டில் 5 வயதில் ஒன்றாம் வகுப்பு. அதற்கான வேலை 4 வயதிலேயே தொடங்க வேண்டும். யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) மருத்துவ முகாம், சான்று, பதிவேற்றம் என்று மாதங்கள் ஓடும். சிறு வயதில் தரும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது, காலாவதித் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைச் சேர்க்கைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பள்ளிக்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்: எப்படி உட்காருவான், எப்படிச் சாப்பிடுவான், வேண்டியதை எப்படிக் கேட்பான், எதற்குப் பயப்படுவான், இருக்கையில் உட்கார்ந்த ஒரு புகைப்படம். ஏப்ரலிலேயே ஒருநாள் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் வகுப்பறையிலிருந்து கழிப்பறை வரை நடந்து பார்க்க வேண்டும், கையில் ஒரு டேப்போடு. 15 செ.மீ. படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். கழிப்பறைக் கதவு 80 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் சக்கர நாற்காலி சுலபமாக நுழையாது. அன்றே தலைமை ஆசிரியரிடம் சொன்னால் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கொத்தனார் வர அவகாசம் இருக்கும்.